தம்பி போய்ச் சேர்ந்த மீன்காரர் ஊர்

நெதர்லாந்தின் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கோடையில் எங்கள் ஆட்கள் லண்டனிலிருந்து வான் வண்டி பிடித்து, சோற்றுச் சட்டியும் பாட்டுப் பெட்டியுமாக, ஞாயிற்றுக்கிழமை பார்த்து அங்கே போய் இறங்குவார்கள். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சத்தம் போடுவதில்லை. அந்தத் தொல்லையை அந்தச் சனத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். எனக்கு அந்த ஊர் மேல் மரியாதை இருக்கிறது. லண்டனில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் இந்த நகரத்தின் மேல் எனக்கு அது வரவில்லை.

எங்கள் அப்பா மீன் பிடித்தவர். அவருடைய அப்பாவும் மீன் பிடித்தவர். வடமராட்சிக் கரையில் எங்களுக்கு ஒரு வள்ளமும் இரண்டு வலையும் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர் யாழ்ப்பாணத்தவர் என்றால் இதைத்தான் முதலில் அறிய விரும்புவார். நேரே கேட்க மாட்டார். "ஊரில எவடம்?" என்பார். ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம் என்பார். மூன்று கேள்விக்குள் உங்கள் சாதியைப் பிடித்துவிடுவார். பிறகு ஒரு "ஓ" வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டன் டூட்டிங்கில் எங்கள் ஆள் ஒருவருடைய பலசரக்குக் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டியில் வந்த பாரையும் விளைமீனும். "அண்ணை, நல்லா வெட்டுறியள்" என்பார்கள். பிறகு, "ஊரில எவடம்?" நான் ஒளிக்காமல் சொல்வேன். "ஓ" வரும். அதற்குப் பிறகு சிலர் "வெட்டுங்கோ" என்ற மரியாதையை விட்டுவிட்டு "வெட்டும்" என்பார்கள். அகதி விண்ணப்பத்தில் என்னோடு ஒரே வரிசையில் நின்றவன்தான். அவனும் நானும் ஒரே கவுன்சில் வீட்டுக்குக் காத்திருந்தவர்கள்தான். ஆனாலும் "வெட்டும்."

தம்பி லண்டனுக்கு வரவேண்டியவன். காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவனை ஆம்ஸ்டர்டாமில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். டச்சுக்காரர் அவனைப் பிடித்து விசாரித்து, வேறு சில தமிழ்ப் பெடியன்களோடு சேர்த்து அந்தக் கடலோர ஊரில் ஒரு விடுதியில் விட்டார்கள். கோடையில் ஜெர்மன்காரர் வந்து தங்கும் விடுதி அது. மாரியில் காலி. காலியாகக் கிடந்த அறைகளில் எங்கள் பெடியன்களை நிரப்பினார்கள். படுக்கை, மூன்று நேரச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். வேலை செய்ய அனுமதி இல்லை.

தம்பி தெருத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவான்.

"அண்ணை, இஞ்ச ஏலாது. காத்து மனிசனைத் தள்ளி விழுத்துது. உருளைக்கிழங்கை அவிச்சு அவிச்சுத் தாறாங்கள். என்னை எப்பிடியும் உங்க லண்டனுக்குக் கூப்பிடுங்கோ."

"கூப்பிடுறன். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

அவனைப் போய்ப் பார்த்து, லண்டனுக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். குரோய்டனில் குடிவரவுக் கந்தோரின் பெரிய கட்டடத்துக்கு முன்னால் குளிரில் நின்று பயணப் பத்திரம் எடுத்தேன். டச்சு விசா எடுத்தேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில், ஹார்விச்சில் கப்பல். கடைக்காரர் லீவு தர மூஞ்சியைச் சுளித்தார். அதைப் பார்க்காமல் போனேன்.

ஊரில் இறங்கியதும் தம்பி சொன்ன காற்றுத்தான் முதலில் வந்தது. கண்ணில் மணல். தலைக்கு மேல் கடற்பறவைகள் கத்தின. கடற்கரை ஓரமாக ஒரே வரிசையில் செங்கல் வீடுகள், நடுவில் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைத் தேவாலயம். வீடுகளின் முன் அறை ஜன்னல்களுக்குத் திரை இல்லை. தெருவில் போகிறவன் எவனும் உள்ளே பார்க்கலாம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஜன்னலில் இரண்டு பூச்சாடி. ஒளிக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று ஊரே சொல்வது போல இருந்தது. டூட்டிங்கில் எங்கள் ஆட்கள் பட்டப்பகலிலும் திரையை இழுத்து மூடிவிட்டு, ஓட்டை வழியாக அடுத்த வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள்.

அடுத்த நாள் தம்பி என்னைத் தான் தினமும் போய் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனான். கடற்கரைக்குப் பின் தெருவில் நீளமான ஒரு மரக் கூடம். உள்ளே கூரையிலிருந்து வலைகள் தொங்கின. வாசலில் ஒரு கிழவர் பெட்டியொன்றின் மேல் இருந்து வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் இருந்த காலத்தில் ஆங்கிலத் துறைமுகங்களுக்கெல்லாம் போய் வந்தவர். கப்பல்காரர் ஆங்கிலம் பேசினார். என்னுடையதும் மீன்கடை ஆங்கிலம். இரண்டும் நன்றாகப் பொருந்தின.

"நீதான் தமையனோ?" என்றார். "நீயும் தபால் கந்தோரோ?"

"என்ன தபால் கந்தோர்?"

"உங்கட அப்பா போஸ்ட்மாஸ்டர் எண்டு இவன் சொன்னவன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கடல் இருக்கும் பக்கம் பார்த்தான்.

"எங்கட அப்பா வாழ்க்கையில ஒரு முத்திரை ஒட்டினவரில்லை," என்றேன். "மீன் பிடிச்சவர். சின்ன வள்ளம், பருத்தி வலை."

கிழவரின் கை நின்றது. தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணை, சும்மா இருங்கோ. விடுதிப் பெடியளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சால் என்ன செய்வினம்?"

"ஒரே மேசையில இருந்து சாப்பிடுறம், அண்ணை."

அந்த மேசை எனக்கும் தெரியும்.

"என்ன கதைக்கிறியள் ரெண்டு பேரும்?" என்றார் கிழவர். "கடல்காரன்ர பிள்ளை ஏன் தபால்காரன்ர பிள்ளை எண்டு சொல்லோணும்? உங்கட கொப்பர் களவெடுத்தவரோ?"

முடிந்த மட்டும் விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊரில் மீன்காரன் கீழே, மற்றவர்கள் மேலே என்று. அவருக்கு அது ஏறவேயில்லை.

"தபால்காரன் மீன்காரனுக்கு மேலயோ?"

"ஓம்."

"வாத்தியார்?"

"ஓம்."

"கணக்கு எழுதுறவன்?"

"ஓம்."

"அப்ப எல்லாருக்கும் மேல ஆர்?"

"காணி வைச்சிருக்கிறவன். தோட்டம் செய்யிறவன்."

கிழவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "கமக்காரனோ? மாட்டுச் சாணி மிதிக்கிறவனோ? அவனோ மேல?"

அவர் கூடத்துக்குள் திரும்பி டச்சில் ஏதோ கத்தினார். உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிழவர் எங்களைக் காட்டி முழுக் கதையையும் சொன்னார். அந்த ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் கமக்காரர் கிராமம். கடற்கரைச் சனம் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பகிடி பண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கமக்காரன் மேலே, கடல்காரன் கீழே என்றதும் அவர்களால் நிற்க முடியவில்லை. ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் வாழ்நாளில் அழுத விஷயத்துக்கு அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பியே சிரித்துவிட்டான்.

பிறகு கிழவர் வலையின் ஒரு பக்கத்தையும் ஊசியையும் தம்பியிடம் எறிந்தார். "கட்டு பாப்பம்."

தம்பி கட்டினான். அந்த நைலோன் வலைக்கும் எங்கள் வலைக்கும் முடிச்சு ஒன்றுதான். கிழவர் குனிந்து பார்த்தார். புகழவில்லை. "இவ்வளவு நாளும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டியே, மடையா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒருவனை முதலில் கண்டால் "நீ ஆற்றை பிள்ளை?" அதாவது யார் மகன் என்றுதான் கேட்பார்கள். தம்பியிடமும் வந்த நாளே கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் அல்லவா, கேள்வியைக் கேட்டவுடனே பயந்து போய்ப் பொய் சொல்லிவிட்டான். ஆனால் அங்கே அந்தக் கேள்விக்குக் காரணம் வேறு. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர். பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்த வீட்டு ஆள் என்று தெரிந்தால் எந்தக் கப்பல், எந்த மாமன் கடலோடு போனான், எல்லாம் தெரிந்துவிடும். மீன்காரன் பிள்ளை என்று சொன்னால் கதவு திறக்கும் ஊரில் என் தம்பி போஸ்ட்மாஸ்டர் பிள்ளை என்று சொல்லி வாசலில் நின்றான். இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவன் விடுவான்?

லண்டனுக்கு நான் தனியாகத்தான் திரும்பினேன். வீட்டில் என் மனிசி கதவைத் திறந்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"வலை கட்டுறான்."

"ஹொலண்டுக்குப் போயும் வலையோ?" என்று தலையில் அடித்தாள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது போனேன். போகப் போகத்தான் ஊரின் கதை தெரிந்தது. கிழவர் சொன்னது பாதி, அங்கே பழைய சாமான்கள் வைத்திருக்கும் சின்ன நூதனசாலையில் பார்த்தது பாதி.

அந்த ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கடற்கரை ஊர், மீன்பிடி ஊர், ஆனால் கப்பலைக் கட்டி நிறுத்த ஓர் இடமில்லை. வெறும் மணல். அதற்காக அவர்கள் வேறு தொழில் தேடிப் போகவில்லை. அடி தட்டையான, பெட்டி மாதிரிக் கனத்த படகுகளைக் கட்டினார்கள். மீனோடு வந்து அலையோடு மணலில் ஏறி நிற்பார்கள். மாரியில் குதிரைகளைக் கட்டி மேலே இழுப்பார்கள். ஒரு பெரும் புயல் வந்தால் கரையில் நின்ற படகுகளே நொறுங்கிப் போகும். மறுபடி கட்டுவார்கள். பிறகு பெரிய கப்பல்கள் வந்து, அவற்றை வேறு ஊர்த் துறைமுகங்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆட்கள் மட்டும் இடம் மாறவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய்க் கப்பல் ஏறுவார்கள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் புறப்படாது. எவ்வளவு மீன் ஓடினாலும் புறப்படாது. அன்று தேவாலயத்துக்கு இரண்டு தடவை கறுப்பு உடுப்போடு நடப்பார்கள்.

ரைன் நதியின் ஒரு கிழட்டுக் கிளை அங்கேதான் கடலில் விழுகிறது. நூற்றாண்டுக் கணக்காக அதன் வாயை மணல் மூடிக் கிடந்ததாம். ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் உள்நாட்டு வயல்களில் தேங்கியதாம். வெட்டித் திறந்து மதகு போட்டார்கள். கடல் ஏறும்போது மூடு, இறங்கும்போது திற. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். அதைத் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மணல் மேடுகளில் புல் நட்டிருக்கிறார்கள், மேடு கரைந்து போகாமல் இருக்க. அதில் கால் வைத்தால் எந்த வயதுப் பெண்ணும் உங்களைத் திட்டுவாள். என்னைத் திட்டினார்கள். சரிதான், அது அவர்களுடைய சுவர்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மன் இராணுவம் வந்து, கடலோர வீடுகளை வரிசை வரிசையாக இடித்துத் தள்ளியிருக்கிறது. கடலில் இருந்து எதிரி வருவான் என்று சீமெந்தில் அரண் கட்ட. சனத்தைச் சாமானோடு வெளியேற்றினார்கள். கிழவர் பிறந்த வீடும் அதில் போனது. நான் முதல் நாள் பார்த்த நேர்வரிசைச் செங்கல் வீடுகள் எல்லாம் யுத்தத்துக்குப் பிறகு கட்டியவை. எங்கள் வடகரையிலும் தொண்ணூறில் இராணுவம் சனத்தைக் கிளப்பிவிட்டு வீடுகளை இடித்தது. அதனால் கிழவர் அதைச் சொன்னபோது எனக்கு மேலதிகமாக ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

"பிறகு அவங்களையோ உங்கட வீடுகளில கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். கோடையில் ஊர் முழுக்க ஜெர்மன்காரர். ஊர்ச் சனம் தங்கள் வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு, பின்வளவில் உள்ள சின்னக் கொட்டிலில் குடும்பத்தோடு போய் இருக்கும்.

"இடிச்சவனிட்டக் காசு வாங்கி வீட்டைக் கட்டுறது பிழையோ?" என்றார். "அவன் இப்ப மணலில குழி தோண்டுறது பிள்ளையளுக்கு விளையாட. தோண்டட்டும்."

எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. தேவாலயத்துக்குப் போகாதவனை அந்த ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும். ஒரு தடவை என்னோடு வந்த மனிசி ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்து வெளியே காயப்போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரச் சேலையைச் சுருட்டிக்கொண்டு மனிசி உள்ளே ஓடினாள். கப்பல் முதலாளியும் கூலிக்காரனும் அங்கேயும் ஒன்றில்லை. ஆனால் முதலாளியின் வீட்டுச் சுவரிலும் மீன் படம்தான் தொங்கும். அவனுடைய பாட்டனும் மணலில் வலை இழுத்தவன்தான், அதை அவனே சொல்லுவான். அந்த ஊரில் பெரியவனாக வந்தவன் கடலை மறைத்துப் பெரியவனாகவில்லை. எனக்கு அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம்பிக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. வலைக் கூடத்திலேயே வேலை. லண்டனில் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது வெம்பிளியில் ஒரு பிள்ளையைக் கண்டான். மருந்துக் கடையில் வேலை செய்தவள். இரண்டு பேரும் தொலைபேசியிலேயே ஒரு வருடம் குடித்தனம் நடத்தினார்கள். கடைசியில் பெண்ணின் தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து பேசுவதென்று ஒரு சனிக்கிழமை முடிவானது.

என் மனிசி முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. தேத்தண்ணி குடுக்கிறது மட்டும்தான் உங்கட வேலை. அவன்ர வாழ்க்கை இது. உங்கட வாயால கெடுத்துப் போடாதேங்கோ."

"அவையள் கேட்டால்?"

"கேப்பினம். தம்பி எதையாவது சொல்லிச் சமாளிப்பான். நீங்கள் பலகாரத்தட்டைப் பிடியுங்கோ."

வந்தார்கள். தகப்பன் ஊரில் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் உத்தியோகத்தர். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். இரண்டாவதை அவரிடம் யாரும் கேட்பதில்லை. தாய் நல்ல பட்டுச் சேலை. பெண் வரவில்லை, வேலையாம். தம்பி அந்த ஊரிலிருந்து கொண்டுவந்த சீஸ் வட்டம் மேசை நடுவில் சக்கரம் மாதிரி இருந்தது. வடை, தேத்தண்ணி, கால நிலை, குரோய்டனில் விசா அலுவல், எல்லாம் முடிந்தது. பிறகு தகப்பன் கதிரையில் சாய்ந்தார்.

"தம்பி, ஊரில எவடம்?"

தம்பி ஊரைச் சொன்னான்.

"ஓகோ. அது பெரிய ஊரெல்லோ. சந்திக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?"

"அங்கால."

"அங்கால எண்டால்... கோயிலடியோ?"

நான் பலகாரத்தட்டை இறுக்கிப் பிடித்தேன். மனிசி என்னை முறைத்தாள்.

"ஐயா," என்றான் தம்பி, "ஏன் இவ்வளவு தூரம் சுத்துறியள்? களைச்சுப் போவியள். நான் இருக்கிற ஊரில 'நீ ஆற்றை பிள்ளை' எண்டு நேர கேப்பினம். நானும் நேர சொல்லிப் போடுறன். எங்கட அப்பா மீன் பிடிச்சவர். அவரின்ர அப்பாவும் அதுதான். இப்ப நான் ஹொலண்டில கப்பல்களுக்கு வலை கட்டிக் குடுக்கிறன்."

"அங்கயும் மீனோ?" என்றார் தாய். அந்த அம்மா சொன்ன விதம், ஏதோ நோய் அங்கேயும் தொடர்ந்து போய்விட்டது மாதிரி.

"அங்கயும் மீன்தான், மாமி. ஊர் முழுக்க மீன்தான்."

தகப்பன் கோப்பையை மேசையில் வைத்தார். பாதித் தேத்தண்ணி இருந்தது. "பிறகு கதைப்பம்" என்று எழும்பினார். எங்கள் பாஷையில் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான்.

அவர்கள் போன பிறகு மனிசி அழுதாள். "எல்லாத்தையும் கொட்டிப் போட்டியே" என்று தம்பியை ஏசினாள். அவன் சீஸை வெட்டித் தின்றுகொண்டிருந்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்களுக்கு அது பழக்கமில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

தம்பி திரும்பிப் போனான். வெம்பிளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசியில் அவளோடு கதைக்கவும் விடுகிறார்கள் இல்லை என்று தம்பி சொன்னான். அவன் குரல் அந்த முதல் மாரியில் வந்த குரல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் நான் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை வந்து நின்றாள். வாங்க வந்தவள் மாதிரி இல்லை.

"அண்ணை, நான்தான்," என்றாள். எந்த நான் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

"பிள்ளை, கொப்பர் அனுப்பினவரோ?"

"அப்பாக்குத் தெரியாது. எனக்கு உங்கட அப்பாவைப் பற்றி முதலே தெரியும். முதல் நாளே உங்கட தம்பி சொல்லிப் போட்டார். தன்ர பேரைச் சொல்ல முந்தி அதைச் சொன்னவர்." கொஞ்சம் சிரித்தாள். "நான் வந்தது வேற அலுவலா. அந்த ஊரை நான் பாக்கோணும். கோடையில இல்லை. இப்ப, மாரியில. அக்காவும் நீங்களும் கூட்டிக்கொண்டு போவியளோ?"

போனோம். கப்பலில் மனிசியும் அவளும் வாந்தி. ஊரில் மழையும் காற்றும், கடல் சேற்று நிறம். கடற்கரைச் சிற்றுண்டிக் கடைகளையெல்லாம் மாரிக்குக் கழற்றி எடுத்துவிட்டார்கள். வெறும் மணல். இதைவிட மோசமாக அந்த ஊரை யாரும் பார்க்க முடியாது. தம்பி ஒன்றையும் அழகாகக் காட்டப் பார்க்கவில்லை. அவளை நேரே கடலோரத்துச் சிலைக்குக் கூட்டிப் போனான். ஒரு மீன்காரி பிள்ளையோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சிலை. கடலில் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அங்கே ஒரு கல்லில் இருக்கின்றன. அவள் மழையில் நின்று எல்லாவற்றையும் வாசித்தாள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

"நீங்கள் கப்பலில போறனீங்களோ?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"இல்லை. கரையில வலை கட்டுற வேலை."

"கேட்டால் போவீங்களோ?"

தம்பி கடலைப் பார்த்தான். கிழவரின் மகன் அவனை ஒரு தடவை கப்பலுக்குக் கூப்பிட்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஆசை இருந்ததும் தெரியும்.

"போகமாட்டன்," என்றான்.

"ஆற்றை பிள்ளை எண்டது எங்கட அப்பான்ர பிரச்சினை. என்ர பிரச்சினை இதுதான்," என்று அந்தக் கல்லைக் காட்டினாள். "இந்தக் கல்லில பேர் வராதெண்டால் நான் வாறன்."

அப்படித்தான் அந்தக் கலியாணம் முடிவானது. மழையில் நனைந்துகொண்டு. நான் பக்கத்தில் முட்டாள் மாதிரி குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

கலியாணத்தை அந்த ஊரிலேயே வைப்பதென்றார்கள். லண்டன் ஐயர் ஒரு புதன்கிழமையில் நல்ல முகூர்த்தம் எடுத்துத் தந்தார். கிழவர் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். புதன்கிழமை ஊரில் ஆம்பிளைகள் இல்லை, எல்லாரும் கடலில். அந்த ஊரில் கலியாணம் என்றால் கப்பல் வந்த பிறகு. ஐயர் பஞ்சாங்கத்தை மறுபடி புரட்டி, முணுமுணுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றினார். தேவாலய மண்டபம் கேட்டோம். சிலை வைத்துப் பூசை செய்வதற்குத் தர முடியாது என்று நேரே சொன்னார்கள். கிழவர் வலைக் கூடத்தைக் கொடுத்தார். கூட்டித் துடைத்து, தொங்கிய வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் தம்பி பூமாலை கட்டினான். ஐயருக்குத் தார் மணமும் மீன் மணமும் ஒத்துவரவில்லை. ஓமம் வளர்க்க வெளிக்கிட்டபோது கிழவர் மண் வாளியோடு பக்கத்தில் வந்து நின்றார். கூடம் பத்திக்கொண்டால் என்ன செய்வது? சின்னத் தட்டத்தில் நெருப்பு மூட்டிச் சமாளித்தோம்.

தகப்பன் வரவில்லை. தாய் தனியாகக் கப்பல் ஏறி வந்தார். மூலையில் கதிரையில் இருந்து, கறுப்புக் கோட் போட்டு வரிசையாக வந்து நின்ற அந்தப் பெரிய மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் கையால் கூப்பிட்டார்.

"தம்பி, உவையள் எல்லாரும் மீன்காரரோ?"

"ஓம் அம்மா. எல்லாரும்."

"உந்த வெள்ளைத் தலை?"

"அவர் வலைக்காரர், அவரின்ர மகன் கப்பல் ஓடுறவர்."

அம்மா மறுபடி அந்தக் கறுப்புக் கோட் வரிசையைப் பார்க்கத் தொடங்கினார்.

தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வாசலில் ஒரு சத்தம். காலையில் கரைக்கு வந்த கப்பல்காரர் மூன்று பேர் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மணவறைக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். ஐஸ் கட்டிக்குள் மீன். தட்டை மீன், கொட் மீன், எல்லாம் அன்று காலை வந்தது. அந்த ஊரில் கலியாணத்துக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. மூன்று பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.

எங்கள் சனம் விறைத்துப் போய்விட்டது. ஐயர் கண்ணை மூடிவிட்டார். இந்துக் கலியாணம், தாலி கட்ட முதல், மணவறை முன்னால் பச்சை மீன். தம்பி என்னைப் பார்த்தான். வாங்கினால் ஐயர் எழும்பிப் போவார். திருப்பிக் கொடுத்தால் அந்த மூன்று மனிதர்களின் முகத்தில் அறைவது மாதிரி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூலையில் இருந்த தாய் எழும்பி வந்தார். பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். ஒரு மீனின் செவுளை விரலால் திறந்து பார்த்தார்.

"நல்ல பச்சை மீன்," என்றார்.

பிறகு அந்த மூன்று பேரையும் பார்த்துக் கை கூப்பினார். அவர்களுக்கு விளங்கியதோ இல்லையோ, தொப்பியைக் கழற்றினார்கள்.

"தம்பி, உந்தப் பெட்டியளைத் தூக்கிப் பின்வளவில வை," என்றார் என்னிடம். "திருப்பி அனுப்பாதை. தாலி கட்டி முடியட்டும். இண்டைக்கு மரக்கறிதான். நாளைக்கு விடிய நான் வெட்டிக் கழுவிக் குழம்பு வைக்கிறன். இஞ்ச புளி வாங்கேலுமோ, இல்லாட்டி உதுக்கும் லண்டனுக்குப் போகோணுமோ?"